தூங்கப் போகும் முன் இருபது நிமிடம்: புது சஸ்பென்ஸ் நாவலை எங்கே தேடுவது?

பாட்டு வகுப்பு முடியும்வரை அம்மாக்கள் காத்திருக்கும் பெஞ்சில்தான் இந்தக் கேள்வி வந்தது. "ராஜேஷ்குமார், சுபா எல்லாம் காலேஜ்லயே முடிச்சாச்சு. இப்ப புதுசா யார் நல்லா எழுதறாங்க? எதுல படிக்கறது? புத்தகமா வாங்கறதா, போன்லயே படிக்கறதா?" கேட்டவர் மடியில் இரண்டாவது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய வாரம் கோவையில் இருக்கும் என் சித்தி மகளும் போனில் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டாள். இருவருக்கும் அவசரத்தில் ஏதோ சொன்னேன், இரண்டும் அரைகுறை பதில். நிதானமாக யோசித்தது இங்கே.

முதலில் ஒரு கணக்கு. கல்யாணத்துக்கு முன்னால் மதுரையிலிருந்து சென்னை வரும் ராத்திரி பஸ்ஸில் ஒரு முழு நாவலை முடித்துவிடுவேன். இப்போது எனக்குக் கிடைப்பது பிள்ளைகள் தூங்கியபின் இருபது நிமிடம். அதில் பதினைந்து பக்கம் ஓடினால் பெரிய விஷயம். அந்த வேகத்தில் முந்நூறு பக்க நாவலுக்கு இருபது நாள் ஆகும். பதினைந்தாவது நாள் "சே, இது தேறாது" என்று தெரிந்தால் அரை மாதம் போச்சு. பிள்ளை இல்லாதவருக்குத் தப்பான புத்தகத்தால் ஓர் இரவுதான் நஷ்டம்.

அதனால் நல்ல நாவல் எங்கே கிடைக்கும் என்பதைவிட, தேறாத நாவலை எங்கே சுலபமாகக் கைகழுவலாம் என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கு ஐந்து விதிகள் எழுதினார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அதில் நான்காவது. கைக்குழந்தைக்காரர்கள் அதைத்தான் முதல் விதியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, மேலே சொன்ன கைகழுவும் செலவு. விடும் செலவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு புது எழுத்தாளரை எடுத்து, முப்பது பக்கத்தில் பிடிக்காமல் கீழே வைத்தால் பணமாகவும் நாளாகவும் மனக்குறையாகவும் எவ்வளவு போகிறது என்பதுதான் அது. மனக்குறையும் செலவுதான். காசு கொடுத்து வாங்கிவிட்டோமே என்று முக்கி முக்கிப் படித்து முடித்தவை என் அலமாரியில் ஏழெட்டு இருக்கும்.

அடுத்தது, விட்ட இடத்தில் பிடிக்க முடிகிறதா என்பது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நான்கு நாள் புத்தகத்தைத் தொட முடியாது. ஐந்தாம் நாள் திறந்தால் "யார் இந்தச் செல்வகுமார்? செத்தவனா, போலீஸா?" என்று திணறக் கூடாது. இந்த இடத்தில் ஜோடித் துப்பறிவாளர்கள் பெரிய உபகாரம். கணேஷ்–வசந்த், பரத்–சுசீலா, நரேந்திரன்–வைஜெயந்தி, விவேக்–ரூபலா என்று ஏற்கெனவே பழகிய ஆட்கள் இருந்தால் பாதிப் பாத்திரங்களை நினைவு வைக்கும் வேலை மிச்சம். புது எழுத்தாளரைத் தேடும்போதும் அவருக்குத் தொடர்ந்து வரும் துப்பறிவாளர் உண்டா என்று முதலில் கேட்பேன். ஒரு தடவை அறிமுகமாகிவிட்டால் அடுத்த ஐந்து கதைக்கு அது போதும்.

மூன்றாவதாக, புதுப் பெயர்கள் உண்மையிலேயே கண்ணில் படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். நமக்குத் தெரிந்த நான்கு பேரையே திரும்பத் திரும்பக் காட்டும் இடத்தில் தேடிப் பயனில்லை.

நான்காவது, தாய் தகப்பன் ஆனபின் வந்த வியாதி. முன்பு குழந்தைக் கடத்தல் கதையைப் பொரிகடலை கொறித்துக்கொண்டு படித்திருக்கிறேன். மூத்தவள் பிறந்தபின் முடியவில்லை. இரண்டாவது அத்தியாயத்தில் ஸ்கூல் வேன் ஒன்று தாமதமாகிறது என்றாலே வயிறு கலங்குகிறது. அப்படி எதுவும் உள்ளே இருக்கிறதா என்பது முன்கூட்டியே தெரிய வழி இருந்தால் நல்லது.

கடைசியாக, பிள்ளையின் கண். அட்டைப்படத்தில் கத்தியும் ரத்தமும் இருந்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவன் "அம்மா, இது என்ன?" என்பான். அதே நேரம், நாம் போனில் நாவல் படிக்கிறோமா ரீல்ஸ் பார்க்கிறோமா என்பது அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிவதெல்லாம் அம்மா கையில் போன்.

பணத்தை நான் கடைசியில் வைக்கிறேன். இதில் எந்த வழியும் மாதம் ஒரு குடும்ப சினிமாவுக்கு ஆகும் செலவைத் தாண்டாது.

## மாத நாவல்

பஸ் ஸ்டாண்டுக் கடையில் கிளிப் மாட்டித் தொங்கும் சாணித்தாள் புத்தகம். நம்மில் பலர் சஸ்பென்ஸுக்குள் நுழைந்த வாசல் இதுதான். ஒரு கையால் பிடிக்கலாம், பால் சிந்தினாலும் கவலையில்லை, நூறு பக்கம் சொச்சம். பதினைந்து பக்கக் கணக்கில் ஒரு வாரத்தில் முடியும். அத்தியாயங்கள் நான்கைந்து பக்கம்தான், ஒவ்வொன்றின் கடைசி வரியிலும் யாராவது அலறுவார்கள். பிடிக்கவில்லை என்றால் தூக்கிப் போடுவதில் வருத்தமே வராது. விடும் செலவில் இதை மிஞ்ச நூலகம் மட்டும்தான் உண்டு.

ஆனால் இரண்டு சிக்கல். முதல் சிக்கல் கட்டுமானத்தில். ராஜேஷ்குமார் பழக்கிவிட்ட ஒரு முறை உண்டு. சம்பந்தமே இல்லாத இரண்டு கதைகள் அத்தியாயம் விட்டு அத்தியாயம் ஓடும், கடைசியில் வந்து முட்டும். ஒரே மூச்சில் படித்தால் அது அபாரமான விளையாட்டு. இரவுக்கு ஓர் அத்தியாயம் படிப்பவருக்கோ ஒரே கதையை இரண்டு நாளுக்கு ஒரு தடவைதான் சந்திக்க முடிகிறது. கோவைக் கதையில் செத்தவர் யார் என்று சென்னைக் கதை நடக்கும்போது மறந்துபோகும். இந்த வகையை எடுத்தால் ஒரு ராத்திரிக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு கயிறும் கையில் இருக்கும்.

இரண்டாவது, புதுப் பெயர். கடையில் தொங்குவதை உற்றுப் பாருங்கள். பாதிக்கு மேல் குடும்ப நாவலும் காதல் நாவலும்தான், க்ரைம் என்று இருப்பதில் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த பெயர்கள். அதிலும் பழைய கதையே புது அட்டையில் வந்திருக்கலாம். நான் ஒரு தடவை ஆசையாக வாங்கி வந்து மூன்றாம் அத்தியாயத்தில் "இந்த லிஃப்ட்டை எங்கேயோ பார்த்திருக்கிறேனே" என்று உட்கார்ந்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு லீவில் படித்த கதை. முதல் பக்கத்தில் மறுபதிப்பு என்று எங்காவது சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பின்னட்டையில் கதைச் சுருக்கமும் பெரும்பாலும் கிடையாது. குழந்தைக் கடத்தலா, வாரிசுச் சொத்துக் கொலையா என்பது உள்ளே போனால்தான் தெரியும். அட்டைப்படத்துக்கு மட்டும் வைத்தியம் கைவசம் இருக்கிறது. ஜூன் மாதம் நோட்டுக்கு அட்டை போட்டு மிஞ்சிய பிரவுன் ஷீட்டை இதற்கும் போட்டுவிடுவேன். லேபிளில் என் மகளே "அம்மா, 2ஆம் வகுப்பு பி பிரிவு" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.

எப்போது இது சரி: ரயில் பயணம், ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக் காத்திருப்பது, பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கும்போது.

## நூலகம்

தமிழ்நாட்டில் சொந்த வீடு இருந்தால் நூலகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள். சொத்து வரியோடு பத்து சதவீதம் நூலக வரி சேர்ந்து போகிறது. 1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது, இந்தியாவிலேயே சுதந்திரத்துக்குப் பின் வந்த முதல் மாநில நூலகச் சட்டம். உறுப்பினராக ஒரு சொற்ப முன்பணம், அதைவிடச் சொற்பமான ஆண்டுச் சந்தா. அதற்குமேல் ஒரு புத்தகத்தை முப்பது பக்கத்தில் விட்டாலும் முந்நூறாவது பக்கத்தில் விட்டாலும் செலவு பூஜ்யம். என் பார்வையில், தெரியாத எழுத்தாளரைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

நான் செய்வது இப்படி. ஒரே எழுத்தாளரின் இரண்டு நூல்களை எடுக்க மாட்டேன். தெரியாத இரண்டு பேரிடமிருந்து ஒவ்வொன்று எடுப்பேன். நின்றபடியே முதல் அத்தியாயம், அப்புறம் நடுவில் எங்காவது ஒரு பக்கம். நடுப்பக்கத்தில் யாராவது இன்னொருவருக்கு நீளமாக விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தால் திரும்ப வைத்துவிடுவேன். இந்தச் சோதனைக்கு மொத்தம் ஐந்து நிமிடம். அதற்குள் இளையவன் கீழ்த் தட்டுப் புத்தகங்களைத் தரையில் அடுக்கி ரயில் விட்டிருப்பான்.

மறைமுகச் செலவுகள் இங்கே நிறைய. நேரம் முதலாவது. பல கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, அது தெரியாமல் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன். அலமாரியில் "நாவல்" என்று ஒரே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். சஸ்பென்ஸ் தனி, சமூக நாவல் தனி என்ற பிரிவெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், முதுகைப் பார்த்து நாம்தான் பொறுக்க வேண்டும்.

அப்புறம், சஸ்பென்ஸ் வாசகருக்கு மட்டுமே நேரும் ஒரு கொடுமை இருக்கிறது. கடைசி நான்கு பக்கம் இல்லாத புத்தகம். பதினெட்டு நாள் படித்து, இன்ஸ்பெக்டர் எல்லாரையும் ஹாலில் உட்காரவைத்து "கொலையாளி வேறு யாருமில்லை" என்று திரும்பும் இடத்தில் நேராகப் பின்னட்டை வந்தது. இன்னொரு புத்தகத்தில் எனக்கு முன்னால் படித்த புண்ணியவான் பாத்திர அறிமுகப் பக்கத்தில் ஒரு பெயரை நீல பேனாவில் வட்டமிட்டு "இவன்தான்" என்று எழுதியிருந்தார். அன்றிலிருந்து கடைசிப் பக்கத்தில் "முற்றும்" இருக்கிறதா என்று கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தபிறகுதான் முத்திரை போடக் கொடுக்கிறேன்.

திருப்பித் தர வேண்டிய கெடு சிலருக்குத் தலைவலி, எனக்கு வரம். இரண்டு வாரத்தில் பாதிகூடத் தாண்டவில்லை என்றால் அந்தப் புத்தகம் என்னை இழுக்கவில்லை என்று அர்த்தம், புதுப்பிக்காமல் கொடுத்துவிடுவேன்.

பிள்ளையோடு போவதாக இருந்தால் பெரிய நூலகங்களில் சிரமம் குறைவு. 2010இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுவந்து தரும் "நூலக நண்பர்கள்" என்ற அரசுத் திட்டமும் உண்டு. கைக்குழந்தை இருந்தால் உங்கள் பகுதிக்கு வருவார்களா என்று நூலகரிடம் கேளுங்கள்.

இதன் ஒன்றுவிட்ட தம்பி, தெருமுனை வாடகை நூலகம். இப்போது அரிதாகிவிட்டது. உங்கள் பேட்டையில் ஒன்று மிச்சம் இருந்தால் விடாதீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் நாம் போன மாதம் எடுத்ததை வைத்து "இதைப் பாருங்க மேடம், கடைசிவரைக்கும் கண்டுபிடிக்க மாட்டீங்க" என்று எடுத்துக் கொடுப்பார். எந்த செயலியின் பரிந்துரையும் எனக்கு அவ்வளவு சரியாக வாய்த்ததில்லை.

எப்போது இது சரி: வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் நூலகம் இருந்தால், பிள்ளைக்கு நான்கு வயது தாண்டியிருந்தால், வாரம் ஒரு மாலை காலியாக இருந்தால்.

## போனில் படிப்பது

என்னதான் சொன்னாலும் தோளில் குழந்தை தூங்கும்போது இருட்டில் ஒரு கட்டை விரலால் பக்கம் திருப்ப முடிவது இதில் மட்டும்தான். இளையவனுக்கு ஐந்து மாதம் இருந்தபோது நான் படித்த எல்லாமே போனில்தான், கறுப்புப் பின்னணியில், வெளிச்சத்தை அடியோடு குறைத்து.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் 2016 கடைசியிலிருந்து தமிழ் நூல்கள் கிடைக்கின்றன. வாங்குவதற்கு முன் முதல் சில அத்தியாயங்களை இலவச மாதிரியாக இறக்கிப் பார்க்கலாம். சஸ்பென்ஸுக்கு இது பெரிய வசதி, முதல் பத்து சதவீதத்தில் கொக்கி மாட்டத் தெரியாதவருக்குப் பிறகும் தெரியப்போவதில்லை. மாதச் சந்தாவான கிண்டில் அன்லிமிடெட்டில் எத்தனை நூலைத் தொட்டுவிட்டு விட்டாலும் தனிக் காசு இல்லை. பதிப்பகம் இல்லாமல் தாங்களே வெளியிடும் புதியவர்கள் குவிந்திருப்பதும் இங்கேதான்.

குவியலில்தான் பிரச்சினையும். க்ரைம் என்று தேடினால் கடுகடு நாயகன் கதாநாயகியைக் கடத்திப்போய்க் கல்யாணம் செய்துகொள்ளும் காதல் கதைகள் பாதி வந்து நிற்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. அன்லிமிடெட்டில் வாசகர் படித்த பக்கங்களின் கணக்கில்தான் எழுத்தாளருக்குப் பணம் போகிறது, 2015லிருந்து இதுதான் ஏற்பாடு. எண்பது பக்கத்தில் முடிய வேண்டிய துப்பறியும் கதை இருநூற்று நாற்பதுக்கு இழுபடுவதற்கு இது ஒரு காரணம் என்பது என் சந்தேகம். நேரம்தான் நமக்குப் பணம் என்பதால் இருநூறு பக்கத்துக்குக் கீழே இருப்பதையே முதலில் எடுக்கிறேன்.

பிரதிலிபி மாதிரித் தளங்களில் தொடர்கதைகள். எந்த அச்சு இதழிலும் பார்க்க முடியாத பெயர்கள் இங்கே ஏராளம், சில பேர் நிஜமாகவே நன்றாக எழுதுகிறார்கள். ஒவ்வொரு பாகமும் ஐந்து நிமிடம், துண்டு வாசிப்புக்கென்றே செய்ததுபோல. ஆனால் கதை முடிந்ததா என்று பார்க்காமல் இறங்காதீர்கள். பிணம் கிடைத்த பதினோராம் பாகத்தோடு எழுதியவர் காணாமல் போனால் யாரிடம் கேட்பது? காசு கட்டினால்தான் அடுத்த பாகம் உடனே திறக்கும் என்ற இடங்களும் வரும். ஒவ்வொன்றும் சில்லறைதான், ராத்திரி பதினொரு மணிக்கு அடுத்தடுத்துத் திறந்தால் மாதக் கடைசியில் புத்தக விலை தாண்டிவிடும். பாகத்துக்குக் கீழே வாசகர்கள் எழுதுவதைக் கதைக்கு முன்னால் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். ஒரே ஒரு விஷயத்துக்காக நான் பார்ப்பேன். "குழந்தை வர்ற இடம் படிக்கவே முடியல" என்று யாராவது எழுதியிருந்தால், அது எனக்கான கதை இல்லை.

பெரிய மறைமுகச் செலவு தூக்கம். அச்சுப் புத்தகம் முடிந்தால் முடிந்தது. போனில் ஒன்று முடிந்த நொடியில் அடுத்தது வந்து நிற்கிறது. காலையில் ஐந்தரைக்கு எழுந்து டிபன் கட்ட வேண்டியவர் தனக்கே ஒரு மணி அடித்துக்கொள்ள வேண்டும்.

எப்போது இது சரி: பிள்ளைக்கு ஒன்றரை வயதாகும்வரை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு எந்த வயதிலும்.

## காதால் கேட்பது

பாத்திரம் தேய்க்கும் நேரமும் வாசிப்பு நேரமாகிவிடும் என்ற ஆசையில் ஒலிநூலுக்குப் போனேன். குடும்பக் கதைக்குச் சரி. சஸ்பென்ஸில் துப்பு ஒரே ஒரு வாக்கியத்தில் ஒளிந்திருக்கும், குக்கர் விசிலடிக்கும் நொடியில்தான் அது வரும். பின்னால் தள்ளிக் கேட்கக் கை சோப்பு. ஸ்பீக்கரில் வைத்தால் "ரத்த வெள்ளத்தில்" என்ற வார்த்தையோடு பிள்ளை சமையலறைக்குள் வந்து நிற்பான். தினமும் தனியாக வண்டி ஓட்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் சிபாரிசு செய்வேன்.

## கண்காட்சியும் பழைய புத்தகக் கடையும்

சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் தொடங்கியது, பதிப்பாளர்–விற்பனையாளர் சங்கமான பபாசி நடத்துவது, ஜனவரி மாதம், வழக்கமாகப் பத்து சதவீதத் தள்ளுபடி. புது எழுத்தாளரைத் தேட இதைத்தான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். பிள்ளைகளோடு போய்ப் பார்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள். ஒரு கையை ஒருவன் இழுக்க, முதல் பக்கத்தை நின்று படிப்பது நடக்காது. வண்ணப் புத்தகம், ஒட்டும் படம், பஜ்ஜி, பஞ்சுமிட்டாய் என்று பை காலியாகிவிடும். கடைசியில் அட்டையைப் பார்த்து அள்ளி வந்த பத்தில் ஏழு அடுத்த ஜனவரியிலும் பிரிக்காமல் இருக்கும். நூலகத்திலோ போனிலோ சோதித்துப் பிடித்துப்போன ஒருவரின் மற்ற நூல்களை மொத்தமாக வாங்குவதற்குக் கண்காட்சி அருமை. சோதனைக்கு அது இடமில்லை.

பழைய புத்தகக் கடைகளில் ஒரு தனிச் சுகம் உண்டு, வார இதழிலிருந்து கிழித்து யாரோ வீட்டில் பைண்டிங் செய்த தொடர்கதைகள். ஓவியர் ஜெயராஜின் படங்களோடு, பக்கத்தின் பின்புறம் பாதி வெட்டுப்பட்ட விளம்பரத்தோடு. புத்தகமாக வராத, நமக்குப் பெயரே தெரியாத எழுத்தாளர் அதில் சிக்கலாம். ஒரு வாரம் விடுபட்டிருந்தால் போச்சு. அத்தியாய எண்களை வரிசையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

## சிவகாசியிலிருந்து ஒரு பார்சல்

சஸ்பென்ஸ் என்றதும் காமிக்ஸ் யாருக்கும் தோன்றுவதில்லை. இரும்புக்கை மாயாவியோடு 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் வந்த லயன் காமிக்ஸும் இன்றும் சிவகாசியிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பிரெஞ்சு–பெல்ஜியத் துப்பறியும் கதைகள் நிறைய. ரிப்போர்ட்டர் ஜானி கதை ஒன்றை முக்கால் மணியில் முடித்துவிடலாம். கொலை, விசாரணை, தீர்வு எல்லாம் ஒரே ராத்திரியில். பிள்ளைகள் பிறந்தபின் "முடித்தேன்" என்ற திருப்தி எனக்கு அடிக்கடி கிடைப்பது இதில்தான்.

தொடரை மட்டும் யோசித்து எடுங்கள். நினைவிழந்து கரை ஒதுங்கிய ஒருவனைத் துரத்தும் "இரத்தப் படலம்" மாதிரிக் கதைகளில் பாகத்துக்குப் பாகம் ஆட்கள் பெருகுவார்கள், இடைவெளி விட்டால் தலை சுற்றும். விலையும் மாத நாவலைவிட அதிகம். படம் இருப்பதால் பிள்ளை கட்டாயம் எடுப்பான். சில இதழ்கள் பெரியவர்களுக்கானவை, முதலில் நீங்கள் புரட்டிவிட்டு எந்தத் தட்டு என்று முடிவு செய்யுங்கள்.

## நூறு வருடம் பழைய புதுமுகங்கள்

நாம் படிக்காதவரை யாரும் புது எழுத்தாளர்தான். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு மூவரும் போன நூற்றாண்டின் முதல் பாதியில் தமிழ் வாசகர்களின் தூக்கத்தைக் கெடுத்தவர்கள். எழுத்தாளர் மறைந்து அறுபது ஆண்டு கழிந்தால் இந்தியாவில் பதிப்புரிமை முடிந்துவிடும். வடுவூராருக்கு 2002 கடைசியிலும் ரங்கராஜுவுக்கு 2019 கடைசியிலும் முடிந்துவிட்டது. இலவச மின்னூல் தளங்களில் தேடினால் கிடைப்பார்கள், செலவு ஒன்றுமில்லை. நடைதான் தடை. ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும், வருணனை முடிவதற்குள் கொட்டாவி வரும். இருபது நிமிடக்காரர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன், ஒரு தடவை ருசி பார்க்கலாம்.

தேவனின் துப்பறியும் சாம்பு மட்டும் விதிவிலக்கு. ஒவ்வொன்றும் தனிக்கதை, அசட்டு அதிர்ஷ்டத்தில் திருடனைப் பிடிக்கும் சாம்புவை எட்டு வயதுப் பிள்ளைக்கு வாய்விட்டே படித்துக் காட்டலாம். நம் இருபது நிமிடமும் அவர்கள் கதை நேரமும் ஒன்றாகிவிடும்.

வீட்டுக்காரருக்கோ வெளிநாட்டில் வளர்ந்த மருமகளுக்கோ தமிழ் படிக்க வராது என்றால், சென்னைப் பதிப்பகமான ப்ளாஃப்ட் 2008இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ் பல்ப் கதைத் தொகுப்பு இருக்கிறது. பத்து எழுத்தாளர்கள், ப்ரீதம் சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பு. தமிழ் தெரிந்தவர்களும் அதன் பொருளடக்கத்தைத் தேடுவதற்கான பட்டியலாக வைத்துக்கொள்ளலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | பாதியில் விட்டால் நஷ்டம் | புதுப் பெயர் | துண்டு வாசிப்பு | கவனிக்க |
|---|---|---|---|---|
| மாத நாவல் | சொற்பம் | குறைவு | நன்று | மறுபதிப்பு, இரட்டைக் கதை |
| நூலகம் | இல்லை | நடுத்தரம் | சுமார் | கடைசிப் பக்கம், வார விடுமுறை |
| கிண்டில் | சந்தா மட்டும் | மிக அதிகம் | நன்று | இழுவை, தவறான வகைப்பெயர் |
| இணையத் தொடர் | சில்லறை | மிக அதிகம் | மிக நன்று | முடியாத கதை, தூக்கம் |
| ஒலிநூல் | சந்தா | குறைவு | மோசம் | குக்கர் விசில் |
| கண்காட்சி | முழு விலை | அதிகம் | புத்தகத்தைப் பொறுத்தது | பிரிக்காத குவியல் |
| காமிக்ஸ் | ஓரளவு | நடுத்தரம் | ஒரே இரவு | நீளும் தொடர், பிள்ளையின் கை |

இரண்டு வழிகளைச் சேர்த்து வைத்துக்கொள்வதுதான் எனக்குச் சரிப்பட்டது. பிள்ளைக்கு ஒன்றரை வயதுக்குள் என்றால் போனில் இலவச மாதிரிகளும் ஒரு மாத நாவலும். நடந்து ஓடும் வயது வந்ததும் நூலக அட்டை, கூடவே இரண்டு மாதத்துக்கு ஒரு காமிக்ஸ். பிள்ளை தானே படிக்கத் தொடங்கியபின் போனில் நாவல் படிப்பதைப் படுக்கையறையோடு நிறுத்திவிட்டேன், ஹாலில் தாள்தான். ஆண்டு முழுக்கச் சோதித்ததில் தேறும் ஒருவரோ இருவரோதான் ஜனவரிப் பட்டியலுக்குப் போகிறார்கள்.

பெஞ்சில் கேட்டவருக்கு நூலகத்தில் நான் எடுத்து முடித்திருந்த ஒன்றின் பெயரைச் சொன்னேன், பையில் இருந்த மாத நாவல் ஒன்றையும் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை மாத நாவல் திரும்பி வந்தது, முப்பத்தெட்டாம் பக்கத்தில் மடிப்பு. "ஸ்கூல் வாசல் சீன் வந்துச்சு, மூடி வெச்சுட்டேன்" என்றார். பெயர் சொன்ன புத்தகம் அவர் கைப்பையில் இருந்தது. எத்தனையாவது பக்கம் என்று கேட்டேன். "எதுவும் சொல்லிடாதீங்க" என்று காதைப் பொத்திக்கொண்டார்.